வாத்துக்குக் கீழே உமியா, வைக்கோலா?

வாத்து வளர்ப்பில் முதல் எதிரி ஈரம். அதன் எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான், அப்புறம் குடிக்கிற தண்ணீரையும் அலகால் சுற்றிலும் சிதறிவிடும். அதனால் தரைக்கு எதைப் போடுவது என்பதில் அலட்சியம் வேண்டாம்.

பிசானம் என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசன ஊர்களில் வைக்கோல் எளிதாகக் கிடைக்கும். மெத்தென்று இருக்கும், வாத்தும் விரும்பிப் படுக்கும். ஆனால் நனைந்தால் பாய்போலப் படிந்து, மேலே காய்ந்தும் அடியில் அழுகியும் கிடக்கும். அதில் வளரும் பூஞ்சை வாத்துக்குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை முழுக்க வைக்கோல் பரப்புவதை நான் ஒப்பமாட்டேன்.

உமி அவ்வளவாக நீரை உறிஞ்சாது. ஆனால் படிந்து கட்டியாகாது. கிளறிவிட்டால் காற்றோடி உலரும். அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலைகளில் கேட்டால் மூட்டையாகத் தருவார்கள். நான்கு விரல்கடை உயரம் பரப்பி, ஈரமான இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுப் புது உமி தூவினால் போதும். பிறந்த குஞ்சுகள் உமியைத் தின்னப் பார்க்கும். முதல் சில நாள் மேலே சாக்கு விரியுங்கள்.

என் தேர்வு உமிதான். வைக்கோலை முட்டையிடும் மூலைக்கு மட்டும் வையுங்கள்: வாத்து விடியுமுன் இட்டுவிடும், முட்டை அழுக்காகாது.

வெளியே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இரண்டுமே உதவாது. அங்கே சரளையும் மணலும்தான் சரி.