பெற்றோல் பம்ப்: பாவித்த முழுத் தொகுதியா, புதிய மோட்டார் மட்டுமா?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் காரின் பெற்றோல் பம்பை வீட்டிலேயே மாற்ற நினைப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: கொழும்பில் பாவித்த உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், மோட்டாரும் கூடும் சேர்ந்த பாவித்த முழுத் தொகுதியை வாங்கலாம், அல்லது பழைய கூட்டுக்குள் புதிய மோட்டாரை மட்டும் பொருத்தலாம்.

முழுத் தொகுதி வேலைக்கு எளிது. பல ஜப்பானியக் கார்களில் பின் ஆசனத்தைத் தூக்கினாலே பம்பின் மூடி தெரியும். வயரையும் குழாயையும் கழற்றி மாற்றினால் முடிந்தது. பெற்றோல் அளவு காட்டும் மிதவையும் கூடவே வரும். ஆனால், தாங்கிக்குள் பம்பைக் குளிர்விப்பது பெற்றோல்தான். முன்பு ஓட்டியவர் எப்போதும் அடிமட்டப் பெற்றோலிலேயே ஓட்டினாரா என்பதை விற்பவராலும் சொல்ல முடியாது. பம்ப் சூடாகித் தேய்ந்திருந்தால், ரம்பொடை ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போதுதான் அது தெரியவரும்.

புதிய மோட்டாருக்குப் பொறுமை வேண்டும். கூட்டின் பிளாஸ்டிக் கொக்கிகள் பெற்றோலில் ஊறி இறுகியிருக்கும். அவசரப்பட்டு நெம்பினால் உடையும். வடிகட்டி வலையையும் ரப்பர் வளையத்தையும் கட்டாயம் மாற்றுங்கள். கூட்டில் கீறல் விழாதிருந்தால் என் தெரிவு இதுதான்.

எதுவானாலும் முதலில் பம்ப் பியூஸை எடுத்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பின்பு பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குளிருக்காகக் கதவை அடைத்துவிட்டு வேலை செய்யவே கூடாது; திறந்த சமதரைதான் சரி. பூட்டியபின், பியூஸையும் பற்றரி முனையையும் திரும்பப் பொருத்தி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியைச் சில தடவை திருப்பி, குழாய் மூட்டில் ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.