புதிருக்கு எழுதிய ‘கோட்’: எங்கே, எவ்வளவு பகிரலாம்? ப்ராஜெக்ட் ஆய்லரும் அட்வென்ட் ஆஃப் கோடும்

கோட் (கணினி நிரல்) எழுதித் தீர்க்கிற ஒரு புதிரோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் சரியான எண் வந்துவிட்டால் அதை உடனே நாலு பேரிடம் காட்டத் தோன்றும். அதில் தப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. அது தெரியாமல் எல்லாவற்றையும் கோடைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் கொட்டிவிட்டால், அடுத்து வருகிறவருக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைக்காமல் போய்விடும்.

2001இல் தொடங்கிய, கோட் எழுதித் தீர்க்கும் கணிதப் புதிர்களின் தளமான ப்ராஜெக்ட் ஆய்லர் கண்டிப்பானது. சரியான விடையைக் கொடுத்த பிறகுதான் அந்தக் கணக்கின் விவாதப் பகுதி உங்களுக்குத் திறக்கும். முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1000க்குக் கீழே 3 அல்லது 5 ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. நாம் ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கும் லூப் ஓட்டி விடை கண்டுபிடித்திருப்போம், உள்ளே போனால் 3இன் மடங்குகளையும் 5இன் மடங்குகளையும் சூத்திரத்தால் கூட்டி, இரண்டு முறை எண்ணப்பட்ட 15இன் மடங்குகளைக் கழித்து, கம்ப்யூட்டரே இல்லாமல் முடிக்கலாம் என்று தெரியவரும். நாமே போராடிவிட்டுப் பார்ப்பதால் அது மனதில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. வெளியே பகிர்வதற்கு முதல் 100 கணக்குகளுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் வழிமுறையைச் சொல்லித்தருவதாக இருக்க வேண்டும், வெறும் விடையாக இருக்கக் கூடாது.

எரிக் வாஸ்டல் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்தும் தினசரிப் புதிர்த் தொடரான அட்வென்ட் ஆஃப் கோடில் கதை வேறு. இந்திய நேரப்படி காலை 10:30க்குப் புதிர் திறக்கும், அன்றைக்கே உங்கள் கோடைப் பகிரலாம். ரெடிட்டில் அதற்கென்றே தினமும் ஓர் இழை இருக்கும், ஒரே புதிரை ஒருவர் ரஸ்ட் என்ற நிரல்மொழியிலும் இன்னொருவர் எக்ஸெலிலும் போட்டிருப்பதை அங்கே பார்க்கலாம். பகிரக் கூடாதவை இரண்டு: புதிரின் வாசகம், அதைத் தீர்க்க உங்களுக்குக் கிடைத்த தரவான இன்புட். கோட் நம்முடையது, அந்த இரண்டும் வாஸ்டலுடைய உழைப்பு. இதில்தான் பலர் தவறுகிறார்கள், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் இன்புட் கோப்பையும் சேர்த்து கமிட் செய்துவிடுகிறார்கள், அதாவது பதிந்துவிடுகிறார்கள். பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும், அதனால் முதல் நாளே இன்புட் இருக்கும் ஃபோல்டரை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் போட்டுவிடுங்கள்.

வேலை இண்டர்வியூக்களுக்காகப் பலர் பயிற்சி செய்யும் லீட்கோட் தளத்தில் தீர்வுகள் பக்கத்து டேபிலேயே திறந்து கிடக்கின்றன. இண்டர்வியூவுக்கு அவசரமாகத் தயாராகிறவருக்கு அது வசதிதான், கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பத்தாவது நிமிடத்திலேயே கை அங்கே போய்விடும்.

எனக்குப் பிடித்தது ஆய்லரின் முறை. விடை கண்டவர்கள் மட்டும் கூடிப் பேசும்போது யாருடைய சந்தோஷமும் கெடாது. ஆனால் அதில் ஒரு பெரிய குறை உண்டு, மாட்டிக்கொண்டவர் வெளியிலேயே நிற்க வேண்டும். அந்த விஷயத்தில் அட்வென்ட் கூட்டம் மேல்: தலைப்பில் வருடம், நாள், மொழி மட்டும் எழுதி, துப்பு எதையும் வெளிவிடாமல், உள்ளே கோடைப் போட்டு உதவி கேட்கலாம்.

அப்படி யாராவது உங்களிடம் கேட்டால் முழு கோடை அனுப்பாதீர்கள். எதுவரை வந்தார் என்று கேளுங்கள், அப்புறம் அவருடைய கோட் தப்பான விடை தருகிற மாதிரி ஒரு சின்ன உதாரணத்தை நீங்களே உருவாக்கி, சரியான விடையோடு கொடுங்கள். மீதியை அவரே பிடித்துவிடுவார்.