தொடுவானத்தில் ஒரு படி: என் 360 டிகிரி கேமரா

சுற்றிலும், மேலும் கீழும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் 360 டிகிரி கேமராவைப் பற்றி, "விலை குறைந்துவிட்டதே, இப்போது வாங்கலாமா அண்ணே?" என்று குலசேகரத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். லென்ஸ் மாற்றிய என் கேமரா சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த வாரம் பார்த்துக் கேட்டார். பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 5.7கே பற்றிச் சுருக்கமாக: வீடியோவின் அகலத்திலுள்ள 5760 புள்ளிகளை 360 டிகிரிக்கும் பங்குபோட்டால் டிகிரிக்கு 16. ஒரு நேரத்தில் 90 டிகிரி பார்த்தால் கிடைப்பது 1440 புள்ளிதான். எல்லோருக்கும் தெரிந்த குறை. இதற்காக நான் கோபப்படவில்லை.

என் கோபம் இரு லென்ஸ்களின் படங்களும் சேரும் ஒட்டின் மேல். முன்னும் பின்னுமாக இருக்கும் மீன்கண் லென்ஸ்கள் ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குச் சற்று அதிகமாகவே பார்க்கின்றன. அந்த மிகுதியை வைத்துத்தான் மென்பொருள் இரு படங்களையும் ஒட்டுகிறது. ஆனால் இரண்டு லென்ஸும் ஒரே புள்ளியில் இருக்க முடியாதே. தூரத்துப் பொருளுக்கு அந்தச் சிறு விலகல் ஒரு பொருட்டில்லை. கைக்கெட்டும் பொருளை இரண்டும் வெவ்வேறு கோணத்தில் பார்த்துவிடுகின்றன. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல், 115 அடி உயரத்தில் எடுத்த வீடியோவில் பறளியாற்றுப் பள்ளத்தாக்கு அப்பழுக்கில்லாமல் விரிகிறது. பக்கத்திலிருக்கும் கைப்பிடிச்சுவர் மட்டும் வெட்டுப்பட்டு, ஒரு பாதி மேலும் ஒரு பாதி கீழுமாக நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அந்த இடைவெளியால் வந்ததுதான். செல்ஃபி குச்சி இரு லென்ஸுக்கும் நடுவே உள்ள குருட்டுப் பகுதியில் ஒளிந்துகொள்கிறது. படத்தில் விழுவதே இல்லை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் குச்சியை உயர்த்திப் பிடித்து நடந்தேன். மற்ற இடங்களில் கோள வீடியோவின் அடிப்பகுதி வீண்: தரை, செருப்பு, நிழல். அங்கே குனிந்தால் கண்ணாடிக்குக் கீழே அலை உடைகிறது, நிமிர்ந்தால் 133 அடி வள்ளுவர். படகேற முழங்கால் இடம் கொடுக்காத என் அம்மா, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேமராவை யார் தூக்கிக்கொண்டு போனது?" என்று கேட்டார்.

ஒட்டோடு மல்லுக்கட்டுவது நேற்றுத் தொடங்கியதல்ல. 1900 பாரிஸ் கண்காட்சிக்காக ராவுல் கிரிம்வான்-சான்ஸோன் பத்துக் கேமராக்களை வட்டமாக அடுக்கினார். 1955-இல் டிஸ்னிலாந்தின் சர்க்கராமா என்ற வட்டத் திரையரங்கில் பதினொரு திரைகள். அவர்கள் ஒட்டவே முயலவில்லை; திரைகளுக்கிடையே இடைவெளி விட்டு, எதிர்த்திரைக்கான புரொஜெக்டரை அதில் வைத்துவிட்டார்கள். திரைகள் ஒற்றைப்படையில் இருந்தது அதனால்தான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் சுற்றுச்சுவர்தான், கூரை கிடையாது. கோளம் முழுவதையும் பிடிக்க, பன்னிரு முக வடிவக் கேமராவுக்கு 1991-இல் டேவிட் மெக்கச்சன் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்த வழியில் வந்த கேமராவில் பதினொரு முகங்களில் லென்ஸ், மிச்சமிருந்த முகம் தாங்குவதற்கு. 2013-இல் வந்த ரீகோ தீட்டா கேமரா இரண்டே லென்ஸோடு சட்டைப்பைக்குள் அடங்கியது. அடுத்த ஆண்டு வீடியோவும் எடுத்தது. லென்ஸ் குறைந்ததும் ஒட்டுகள் குறைந்தன. மிஞ்சிய ஒற்றை ஒட்டுதான் என் உயிரை வாங்குகிறது.

சொத்தவிளைக் கடற்கரையின் மணற்காற்று புடைத்த லென்ஸில் கீறல் போட்டது. சர்வீஸ் சென்டரில் லென்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தூரத்துப் பொருளும் ஒட்டவில்லை. மலையும் மரமும் அடர்ந்த ஊராக இருந்தால் கண்ணில் படாமல் போயிருக்கும். குமரிமுனையில் பார்க்கும் பக்கமெல்லாம் கடல். தொடுவானம் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஓடிவந்து, ஒட்டில் மட்டும் ஒரு படி இறங்குகிறது. செயலியில் அளவுதிருத்தம் செய்து பார்த்தும் பயனில்லை. "இது இயல்புதான் சார்" என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். கடலில் படிக்கட்டு இருப்பது எந்த ஊர் இயல்பு?

ஆகவே தம்பி, வாங்காதீர்கள். அம்மாவுக்குக் காட்டிய அந்த ஒரு வீடியோவுக்கே கொடுத்த பணம் தகும் என்பது வேறு விஷயம். பிடிவாதமாக வாங்குவதென்றால் லென்ஸ் காப்புக் கண்ணாடியையும் சேர்த்து வாங்குங்கள். அதை மாட்டினால் ஒட்டு இன்னும் மோசமாகும். ஆனால் கீறல் அதன் மேலோடு நின்றுவிடும்.