விடிய எழும்ப எது நல்லது: போனா, பற்றரி மணிக்கூடா, வெளிச்ச அலாரமா?

கையில் போன் இருக்க அலாரத்துக்குத் தனி மணிக்கூடு எதற்கு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாளுக்கொரு நேரம் வைக்கலாம், கரண்ட் போனாலும் அடிக்கும், மேலதிகச் செலவும் இல்லை. சிக்கல் என்னவென்றால், அது தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. இரவில் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று எடுத்தால் பன்னிரண்டு ஆகிவிடும். விடிய, கண் திறக்காமலே விரல் ஸ்னூஸை அழுத்திவிடும். ஐபோனில் அது வழக்கமாக 9 நிமிடம். அதற்குள் ஆழ்ந்த நித்திரையும் வராது, முழு விழிப்பும் வராது.

பற்றரி மணிக்கூட்டுக்குத்தான் என் வாக்கு. ஒரு சின்னப் பற்றரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். அதை நுளம்பு வலைக்கு வெளியே, எழும்பி நடந்துபோய் நிறுத்தும் தூரத்தில் வையுங்கள். வலையை விலக்கி வெளியே வருவதற்குள் பாதி நித்திரை போய்விடும். குறைகளும் உண்டு. அலாரம் முள் சில நிமிடம் முன்பின் காட்டும். காலை ஐந்துக்கு வைத்ததை நிறுத்த மறந்தால் பின்னேரம் ஐந்துக்கும் அடிக்கும். வயது போகப் போக மெல்லிய கீச்சொலிகள் காதில் விழாது; அப்பா அம்மாவுக்கு என்றால் கனத்த ஓசையுள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே ஒருமுறை அடிக்கவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். சாவி கொடுக்கும் பழைய இரட்டை மணிக்காரன் அழகுதான், ஆனால் தினமும் சாவி கொடுக்க வேண்டும். மட்டக்களப்பின் கல்லடிக் கடல் காற்றில் துருவும் பிடிக்கும்.

வெளிச்ச அலாரம் அரை மணித்தியாலம் முன்பே மெல்ல மெல்லப் பிரகாசிக்கத் தொடங்கும். காலை எட்டு மணியாகியும் இருட்டாக இருக்கும் குளிர்நாடுகளுக்கு அது நல்ல யோசனை. மட்டக்களப்பில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் வந்துவிடும். கிழக்கு யன்னல் சேலையை விலக்கிவிட்டுப் படுத்தால் அதே வேலை இலவசமாக நடக்கும். நித்திரைக்கான மெலடோனின் சுரப்பை அடக்குவது அந்த வெளிச்சம்தான். நாலு மணிக்கு எழும்பிப் படிக்கும் ஏ.எல். பிள்ளைக்குச் சூரியன் உதவாது, சரி. அதற்கு அறை லைட்டைப் போட்டாலே பெரும்பாலும் போதும். அப்புறம், வெளிச்ச அலாரத்துக்குள் மாற்றுப் பற்றரி இல்லாவிட்டால் ஒருதரம் கரண்ட் போனதும் நேரம் அழிந்துவிடும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், காது கேளாதவர்களுக்கும், நாலு பேர் படுக்கும் விடுதி அறைக்கும் அதிரும் கைக்கடிகாரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. சார்ஜ் போட மறக்காதவர்கள் மட்டும் வாங்கலாம்.

போன் வெல்லும் இடமும் ஒன்று இருக்கிறது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ சுபஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு எழும்புபவர்களுக்கு நேரம் வருடத்தோடு நகரும். தொழுகை நேரச் செயலி அதைத் தானே மாற்றிக்கொள்ளும், மேசை மணிக்கூட்டு முள்ளை நாம்தான் திருப்ப வேண்டும். அவர்கள் போனையே வைத்துக்கொள்ளட்டும், சார்ஜரை மட்டும் கட்டிலுக்கு எட்டாத பிளக்கில் குத்தட்டும்.