குரங்குகளின் உறவைச் சொல்ல எந்த டி.என்.ஏ. நல்ல சாட்சி? அலு, சாட்டிலைட், மைக்ரோசாட்டிலைட்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மனிதனுடையதானாலும் ரீசஸ் குரங்கினுடையதானாலும், மரபணுத்தொகுதியில் (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.வில்) ஏறத்தாழப் பாதி மீள்வரிசைகளால் ஆனது. அதாவது, ஒரே வாசகம் மீண்டும் மீண்டும் வரும் பகுதிகள். நெடுங்காலம் இவற்றைக் 'குப்பை டி.என்.ஏ.' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். எந்தக் குரங்கு எதற்கு நெருங்கிய சொந்தம் என்ற வழக்கில் மிக உறுதியான சாட்சி அந்தக் குவியலுக்குள்தான் கிடந்தது. ஆனால் எல்லா மீள்வரிசைகளையும் ஒரே கூண்டில் ஏற்றிவிட முடியாது. கிளைகள் பிரிந்த வரிசையை அறிய வேண்டுமென்றால் என் தேர்வு அலு செருகல்கள்தான். மற்றவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

அலு என்பது சுமார் 300 எழுத்து (டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி என்ற வேதி எழுத்துகள்) நீளமுள்ள துண்டு. மனித மரபணுத்தொகுதியில் இதற்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் உண்டு. மொத்தத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இவையே அடைத்துக்கொள்கின்றன. லெமூர், குரங்கு, மனிதன் அடங்கிய பிரைமேட்டுகளைத் தவிர வேறு விலங்குகளில் அலு கிடையாது. 7எஸ்எல் ஆர்.என்.ஏ. என்ற பழைய மரபணுவிலிருந்து பிறந்த இத்துண்டுக்குச் சொந்தமாக நொதி எதுவும் இல்லை. லைன்-1 என்ற, சுமார் 6,000 எழுத்து நீளமுள்ள இன்னொரு மீள்வரிசை தயாரிக்கும் நொதியைப் பயன்படுத்தித் தன்னைப் படியெடுத்து, வேறோர் இடத்தில் நுழைந்துகொள்கிறது. நுழையும்போது அந்த இடத்தின் சில எழுத்துகள் இருபுறமும் இரட்டித்து நிற்கின்றன. ஒருமுறை உட்கார்ந்த அலு தடயமே இல்லாமல் கழன்று போவது மிக அரிது. கோடிக்கணக்கான இடங்கள் இருக்க, இரண்டு குரங்குகளில் தனித்தனியாக ஒரே எழுத்துக்குப் பக்கத்தில் வந்து அமர்வதும் அரிது.

ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பிழையைப் போன்றது இது: இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே இடைச்செருகல் இருந்தால், இரண்டும் ஒரே மூலப்படியிலிருந்து வந்தவை.

இன்னொரு பெரும் வசதி, மாற்றத்தின் திசை முன்கூட்டியே தெரிந்திருப்பது. சாதாரண டி.என்.ஏ. ஒப்பீட்டில் ஓர் இடத்தில் ஒரு குரங்குக்கு 'ஏ', இன்னொன்றுக்கு 'ஜி' என்று இருந்தால் எது பழையது என்று வெளியிலிருந்து ஒரு விலங்கைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மாறிய எழுத்து திரும்பவும் பழைய எழுத்தாகியும் இருக்கலாம். அலுவில் அந்தக் குழப்பம் இல்லை. இல்லாத நிலைதான் பழையது, இருக்கும் நிலைதான் புதியது. ஆய்வுக்கூட வேலையும் எளிது. செருகல் இடத்தின் இருபுறமும் பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டுகளை வைத்து, அந்தப் பகுதியை பிசிஆர் முறையில் பிரதிகளாகப் பெருக்கி, நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், அலு உள்ள குரங்கின் பட்டை 300 எழுத்து அளவுக்கு நீளமாகத் தனித்துத் தெரியும். முரண்படும் செருகல் எதுவும் இல்லாமல் மூன்று செருகல்கள் ஒரே கிளையைக் காட்டினாலே புள்ளியியல் அதை ஏற்றுக்கொள்கிறது.

இதன் வலிமை டார்சியர் வழக்கில் தெரிந்தது. பெருங்கண் கொண்ட இந்தச் சிறு பிராணி லெமூர், தேவாங்குகளோடு சேர்ந்ததா, குரங்குகளோடு சேர்ந்ததா என்பது பழைய சண்டை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டி.என்.ஏ. வரிசைகள் தெளிவான விடை தரவில்லை. டார்சியரும் குரங்குகளும் பகிர்ந்துகொள்ளும், லெமூர்களில் இல்லாத செருகல்களை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. டார்சியர் குரங்குகளின் பக்கம்தான். அமெரிக்கக் கண்டங்களின் 'புதிய உலக'க் குரங்குகளிலும் இதே கதை நடந்தது. உருவத்தை வைத்து இரவுக் குரங்கை டிட்டிக் குரங்கோடு சேர்த்து வைத்திருந்தார்கள். செருகல்களோ இரவுக் குரங்கை மர்மோசெட், கபுச்சின், அணில் குரங்கு ஆகியவற்றின் குடும்பத்தில் வைத்தன. டிட்டிக் குரங்கோ சாக்கிக் குரங்குகளிடம் போய்ச் சேர்ந்தது.

எதிர்த்தரப்பில் மூத்தது ஆல்ஃபா சாட்டிலைட். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்திழுக்க உதவும் சென்ட்ரோமியர் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக, வால்பிடித்தாற்போல் அடுக்கப்பட்ட வரிசை இது. முதலில் கண்டறியப்பட்டதே ஒரு குரங்கில்தான், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கில். மனிதனில் இதன் அலகு 171 எழுத்து; பழைய உலகக் குரங்குகள் (ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்தவை) பலவற்றில் இரண்டு அலகுகள் இணைந்து ஏறத்தாழ 340 எழுத்தாக வருகிறது. ஓர் இனத்துக்குள் பிரதிகள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டவை போல ஒத்திருக்கும். இனத்துக்கு இனம் மாறும். இனத்தை அடையாளம் காண இதைவிட நல்ல முத்திரை வேண்டுமா என்று தோன்றும்.

உறவுமுறை என்று வரும்போது அந்தக் குணமே இடையூறாகிறது. பிரதிகள் பெருகுவதும் கரைவதும் ஒன்றையொன்று மேலெழுதுவதும் ஓயாமல் நடப்பதால், இந்தக் குரங்கின் எந்தப் பிரதியை அந்தக் குரங்கின் எந்தப் பிரதியோடு ஒப்பிடுவது என்பதற்கே பதில் இல்லை. ஒரு சாட்டிலைட் வகையை இரு குரங்குகள் பகிர்ந்துகொண்டால் அது ஒரு துப்பு. ஒன்றில் இல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. போதாக்குறைக்கு, டி.என்.ஏ.வைச் சிறு சிறு துண்டுகளாக வாசித்து ஒட்டும் முறையால் இந்த அடுக்குகளைக் கோக்க முடியாது. மனித மரபணுத்தொகுதியின் சென்ட்ரோமியர்கள் முழுமையாக வாசிக்கப்பட்டு வெளிவந்ததே 2022இல்தான். சென்ட்ரோமியர் எப்படிப் பரிணமிக்கிறது என்று கேட்பவருக்கு இது பொக்கிஷம். கிளைவரிசை கேட்பவர் வேறிடம் போகலாம்.

மைக்ரோசாட்டிலைட் விஷயத்தில் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று முதல் ஆறு எழுத்துகள் கொண்ட சிறு அலகுகளின் தொடர் இது. நீளம் மிக வேகமாக மாறும். அந்த வேகம் குடும்பத்துக்குள் அருமையாக உதவுகிறது. புவேர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சாண்டியாகோ தீவில், 1938இல் குடியமர்த்தப்பட்ட ரீசஸ் குரங்குகளின் சந்ததியில் எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்று சொன்னவை மைக்ரோசாட்டிலைட்டுகள். பேரினங்களைத் தாண்டினால், வேறு வேறு வழியாக ஒரே நீளத்துக்கு வந்து சேர்ந்தவையும் உறவினர்போல் தோன்றும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரெட்ரோவைரஸ் என்பது தான் தொற்றிய உயிரின் டி.என்.ஏ.வில் தன் வரிசையை எழுதிவிடும் வைரஸ். பிடெர்வ்1 என்ற பழைய ரெட்ரோவைரஸின் எச்சம் சிம்பன்சியிலும் கொரில்லாவிலும் இருக்கிறது. ரீசஸ் குரங்கிலும் பபூனிலும் இருக்கிறது. மனிதனிலும் ஒராங்உட்டானிலும் இல்லை. எச்சம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் சிம்பன்சி மனிதனைவிட ரீசஸுக்கு நெருக்கம் என்றாகிவிடும்! அந்த எச்சங்கள் அமர்ந்திருக்கும் இடங்களை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும்: சிம்பன்சியின் இடங்களும் ரீசஸின் இடங்களும் பொருந்துவதில்லை. தனித்தனியாகத் தொற்று வாங்கியிருக்கின்றன. மீள்வரிசைகளில் எது இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே உறவைச் சொல்கிறது. சாட்டிலைட்டிடம் இல்லாத முகவரி அலுவிடம் இருக்கிறது.

அலுவுக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. கிளைகள் அடுத்தடுத்து வேகமாகப் பிரிந்தால், மூதாதைக் கூட்டத்தில் சிலரிடம் மட்டும் இருந்த செருகல் தவறான கிளைக்குப் போய்ச் சேரலாம். 2003இல் வெளியான ஆய்வொன்றில் 7 செருகல்கள் மனிதனையும் சிம்பன்சியையும் இணைத்தன. ஒன்று மட்டும் மனிதனையும் கொரில்லாவையும் இணைத்தது. ஒரே செருகலை நம்பித் தீர்ப்பெழுதக்கூடாது. கிளைகள் பிரிந்த வரிசையை அலு சொல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பதற்கு எழுத்து மாற்றங்களையும் புதைபடிவங்களையும் நாட வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை தேடலில் உள்ள சாய்வு. மனித மரபணுத்தொகுதியில் இருக்கும் செருகல்களை எடுத்து மற்ற விலங்குகளில் தேடினால், மனிதனை நோக்கிப் போகும் கிளைகள் மட்டுமே துலங்கும். கொலோபஸ் என்ற பழைய உலகக் குரங்குகளுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதற்கு அந்தத் தேடல் ஒன்றும் சொல்லாது. ரீசஸ் மரபணுத்தொகுதி 2007இல் வெளியான பிறகுதான் பழைய உலகக் குரங்குகளுக்கே உரிய அலு வகைகள் பெருமளவில் வெளிப்பட்டன.

பபூன்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆறு இனங்கள், எல்லைகளில் ஓயாத கலப்பு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவதால் அது இனத்தைவிட நிலப்பரப்பையே பின்பற்றுகிறது. ஒரே மஞ்சள் பபூன் இனத்தின் வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் வேறு வேறு தாய்வழியில் நிற்கின்றன. அலுவிலும் பல செருகல்கள் ஓர் இனத்துக்குள்ளேயே சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. இங்கே ஏழெட்டு செருகல்கள் போதாது. முழு மரபணுத்தொகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒவ்வோர் இனத்திலும் பலரிடம் சோதித்து, விகிதங்களை ஒப்பிட வேண்டும். அந்த வேலைக்கு ஒவ்வோர் இனத்திலிருந்தும் தனித்தனியே செருகல்களைத் தேடியெடுப்பதுதான் முதல் படி.