பேனலுக்குள் வயர்: டை போட்டுக் கட்டுவதா, டக்டில் விடுவதா?

இயந்திரங்களை இயக்கும் மின்கருவிகள் அடங்கிய கட்டுப்பாட்டுப் பேனலுக்குள் வயர்களை ஒழுங்குபடுத்த நடைமுறையில் இரண்டு வழிகளே போட்டியிடுகின்றன. ஒரே திசையில் போகும் வயர்களைச் சேர்த்து, சிறு இடைவெளிகளில் நைலான் டை போட்டுக் கட்டாகக் கொண்டுபோவது ஒன்று. இருபக்கமும் பிளவுகள் உள்ள பிவிசி டக்டைப் பேனலின் உள்தகட்டில் பொருத்தி, வயர்களை அதற்குள் இட்டு மூடியை அழுத்திவிடுவது மற்றொன்று. இரண்டு முறைகளிலும் பேனல் கட்டிய பிறகு, புதிதாகச் செய்பவற்றுக்கு டக்டையே தேர்ந்துகொண்டேன். டை மலிவானது, இடம் பிடிக்காது. தலை வாரியதுபோல் இழை பிசகாமல் கட்டிய வயர்க் கட்டு, டக்டைவிட அழகு என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

விதிகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடம் உண்டு. வயரின் இழுவை அதன் நுனியை இறுக்கும் டெர்மினலில் விழக் கூடாது, காப்புறை கூரான விளிம்பில் உராயக் கூடாது, பச்சை-மஞ்சள் வயர் எர்த்துக்கு மட்டுமே என்பன போன்ற அடிப்படைகள் எந்த முறைக்கும் பொது. இயந்திரங்களின் மின்னமைப்புக்கான சர்வதேச நெறிமுறை ஐஇசி 60204-1 பரிந்துரைக்கும் நிறங்களும் அப்படியே: மின்திறன் சுற்றுக்குக் கறுப்பு, ஏசி கட்டுப்பாட்டுக்குச் சிவப்பு, டிசி கட்டுப்பாட்டுக்கு நீலம், மெயின் ஸ்விட்சை அணைத்த பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும் சுற்றுக்கு ஆரஞ்சு.

டக்டுக்கு எதிராக அதிகம் சொல்லப்படுவது வெப்பம். மூடிய டக்டில் காற்றோட்டம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இறுக்கிக் கட்டிய கட்டின் நடுவிலுள்ள வயருக்கும் காற்று கிடைப்பதில்லை. சேர்ந்து போகும் வயர்களின் மின்னோட்டத் திறனைப் பெருக்கிக் குறைக்க ஐஇசி 60364-5-52 தரும் எண்கள்: 2 சுற்றுகள் சேர்ந்து போனால் 0.80, 3 என்றால் 0.70, 6 என்றால் 0.57, 9 என்றால் 0.50. இந்த வரிசை காற்றில் கட்டாகப் போகும் வயர்களுக்கும் உறைக்குள் போகும் வயர்களுக்கும் ஒன்றேதான். தனியாக இருக்கையில் 32 ஆம்பியர் தாங்கும் வயரை, 6 சுற்றுகளின் நடுவே வைத்தால் 18 ஆம்பியருக்கே நம்பலாம். குறைக்கும் முன்னுள்ள திறன், திறந்த காற்றில் இருக்கும் வயருக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், டைக்கு இங்கே ஒரு சிறு சாதகம் உண்டு. அதே நெறிமுறை, தன் குறைக்கப்பட்ட திறனில் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னோட்டம் சுமக்காத வயரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்) காயிலுக்கும் சென்சாருக்கும் போகும் கட்டுப்பாட்டு வயர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே அவற்றை ஒரு டக்டிலும், மோட்டாருக்குப் போகும் கனத்த வயர்களை எண்ணிக்கை குறைத்து வேறொரு டக்டிலும் விட்டால் வெப்பச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவின் வெளியீட்டு வயர் அனலாக் சிக்னலைக் கெடுப்பதும் அதனால் குறையும்.

என் முடிவைத் தீர்மானித்தது பிற்காலப் பராமரிப்பு. பேனல் ஒருமுறை கட்டப்படுகிறது. பிறகு அதன் ஆயுள் முழுவதும் யாராவது ஒருவர் அதில் ஒரு வயரைச் சேர்க்கிறார், ஒன்றை எடுக்கிறார், மோட்டாரை இயக்கி நிறுத்தும் பழைய கான்டாக்டரைக் கழற்றி வேறு அளவுள்ளதை வைக்கிறார். டை போட்ட கட்டில் ஒரேயொரு வயரைச் சேர்க்க வேண்டுமானாலும், அது போகும் பாதையிலுள்ள எல்லா டைகளையும் வெட்ட வேண்டும். இறுகிய டைக்குள் கட்டரின் முனையை நுழைக்கும்போது அடியிலுள்ள காப்புறையில் கீறல் விழுவது மிக எளிது. புது டை போட்டதும் அந்தக் கீறல் அதற்குள்ளேயே மறைந்துபோகும். இதற்கு அஞ்சி, புதிய வயரைப் பழைய கட்டின்மேல் தனியே ஓட்டி இன்னொரு டை போடுவார்கள். எடுக்க வேண்டிய வயரையும் உருவ முடியாமல், நுனியில் டேப் சுற்றி உள்ளேயே விட்டுவிடுவார்கள். இப்படிச் சில மாற்றங்கள் நடந்தாலே, வரைபடத்தில் இல்லாத வயர்கள் பேனலில் இருக்கும். அடுத்து வருபவர் எதை நம்பிக் கை வைப்பது?

டக்டில் மூடியைக் கழற்றி, வயர் நுனியில் மாட்டிய எண் வளையமான ஃபெருலைப் பார்த்து, வயரை மேலே தூக்கி எடுத்துவிடலாம். அதைவிட மேலான நன்மை, உள்ளே கொஞ்சம் உபரி நீளம் விட்டுவைக்க முடிவது. புதிய கான்டாக்டரின் டெர்மினல் இரண்டு விரற்கடை தள்ளி அமைந்திருந்தாலும், நுனியை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய (நுனிக் குப்பியை அழுத்திப் பொருத்த) வயர் எட்டும். நேர்த்திக்காக அளந்து வெட்டிய கட்டில் அது எட்டாது; நடுவில் இணைப்புப் போடுவதா, முழு வயரையும் மாற்றுவதா என்ற நிலைக்கு வந்துவிடும்.

டக்டின் குறையும் அதே மூடியில்தான் இருக்கிறது: அலங்கோலத்தை அது மறைத்துவிடும். எதிர்காலத்துக்கு இடம் விடாமல் திணித்தால் மூடி பிதுங்கும், பிறகு காணாமலும் போகும். தொழிற்சாலை இயந்திரங்களுக்கான அமெரிக்க நெறிமுறையான என்எஃப்பிஏ 79, உட்குறுக்குப் பரப்பில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறது. புதுப் பேனலில் நான் அந்த எல்லையைத் தொடவே விடுவதில்லை. டக்டுக்கும் டெர்மினலுக்கும் நடுவே விரல் நுழைந்து ஃபெருலைப் படிக்கும் அளவு இடைவெளியும் விட வேண்டும். தகட்டில் இடம் போதவில்லை என்றால் மெலிந்த டக்டைத் தேடாமல் பெட்டியைப் பெரிதாக்குவதே சரி.

வீட்டு மின்பகிர்வுப் பெட்டியான டிபியில் என் பரிந்துரை மாறும். அங்கே டக்டுக்கு இடமே இல்லை. வயர்கள் பெட்டிக்குள் ஓடும் தூரமும் குறைவு. அமெரிக்க மின்விதி, வயர்கள் 600 மில்லிமீட்டருக்கு மேல் சேர்ந்து ஓடினால்தான் கட்டாகப் போவதற்கான திறன் குறைப்பைக் கேட்கிறது. ஆகவே நியூட்ரல், எர்த் வயர்களை வெவ்வேறு பக்கமாகப் பிரித்து, தளர்வாக ஒன்றிரண்டு டை போட்டாலே போதும். டையின் வாலை மட்டும் தலையோடு சமமாக வெட்ட வேண்டும். சாய்வாக விட்ட நுனி அடுத்து கை விடுபவரின் தோலைக் கிழிக்கும். வெல்க்ரோ பட்டையைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டலாம், டிபிக்கு நல்ல மாற்றுதான். ஆனால் அதை நான் தூசி குறைந்த இடங்களில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். தடித்த உலோகப் பட்டைகளில் மின்சாரம் ஓடும் பெரிய பஸ்பார் பேனல்களிலும் என் அனுபவம் குறைவு என்பதால், இந்த ஒப்பீட்டை அவற்றுக்கு நீட்ட மாட்டேன்.

டக்ட் பேனலிலும் கதவுக்குப் போகும் வயர்களுக்கு டைதான் வேண்டும். கீலின் இருபுறமும் வயர்க் கட்டை இறுக்கிப் பிடித்து, நடுவில் ஸ்பைரல் (சுருள் பிளாஸ்டிக் உறை) சுற்றி, கதவு முழுவதும் திறந்தாலும் இழுபடாத வளையமாக விட வேண்டும். கதவுக்குத் தனி எர்த் வயரும் அதனுடன் கட்டாயம் போக வேண்டும்.