சிஆர்பி, லாக்டேட், ப்ரோகால்சிடோனின்: செப்சிஸில் எந்த எண் என்ன சொல்கிறது?

"சிஆர்பி 210 வந்திருக்கே டாக்டர், பிழைச்சிடுவாரா?" செப்சிஸ் (கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே கட்டுமீறி உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) வந்தவருக்காக ஐசியூ வாசலில் ரிப்போர்ட்டோடு நிற்கும் உறவினர்களின் முதல் கேள்வி இது. பாவம், அந்த எண்ணைப் பார்த்தே பாதி உடைந்துபோகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு சிஆர்பியால் பதில் சொல்ல முடியாது. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம் உச்சம் தொடவே 2 நாள் ஆகும். அறுவை சிகிச்சை, அடிபட்ட காயம், மூட்டுவாதம் என எதற்கும் ஏறும். விலை குறைவு, எந்த லேபிலும் பார்க்கலாம். அதுதான் அதன் பலம்.

முதல் சில மணி நேரத்துக்கு என் தேர்வு லாக்டேட். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் சேரும் பொருள் இது. மணிக்கட்டுத் தமனியில் எடுத்த ரத்தத்தை ரத்த வாயுக்களை அளக்கும் ஏபிஜி மெஷினில் வைத்தால் சில நிமிடங்களில் எண் வந்துவிடும். போதிய திரவம் ஏற்றிய பிறகும் பிரஷர் விழாமல் தாங்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக் (செப்சிஸின் மிகக் கடுமையான நிலை) என்கிறது 2016இல் வெளியான சர்வதேச வரையறை. அந்த நிலையில் 100 பேரில் 40 பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஆனால் அட்ரினலின் மருந்து ஏறும்போதும், வலிப்பு வந்த பிறகும், கல்லீரல் கெட்டிருந்தாலும் லாக்டேட் ஏறும். அதையும் பார்க்க வேண்டும்.

பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரதமான ப்ரோகால்சிடோனின் சங்கதி வேறு. முதல் நாள் எண்ணை விட, அது இறங்கும் வேகம்தான் முக்கியம். அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான மோசஸ் ஆய்வில், 4ஆம் நாளுக்குள் 80 சதவீதத்துக்கு மேல் இறங்காதவர்களிடம் 28 நாள் இறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்பதற்கும் இதுவே நல்ல துணை. நெதர்லாந்தில் 1,500க்கு மேற்பட்டவர்களிடம் இதை வைத்து நிறுத்திப் பார்த்தார்கள். மருந்து நாட்கள் குறைந்தன, இறப்பு கூடவில்லை. ஆனால் மருந்தைத் தொடங்க இந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது.

அப்புறம், ரத்தமே எடுக்காத ஒரு போட்டியாளரும் உண்டு. விரல் நுனியை 10 நொடி அழுத்தி வெளுக்க வைத்து விடுங்கள். நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை. தென் அமெரிக்காவில் செப்டிக் ஷாக் வந்த 424 பேரிடம் இதை லாக்டேட்டோடு மோதவிட்டார்கள் (2019). விரல் பார்த்து சிகிச்சை பெற்றவர்களில் 34.9 சதவீதமும், லாக்டேட் பார்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதமும் இறந்தார்கள். புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. ஆனாலும் இரவு 2 மணிக்கு லேப் மூடியிருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் நான் முதலில் பிடிப்பது அந்த விரலைத்தான்.